டோக்கியோவில் காசு கொடுக்காமல் படமெடுக்க எங்கே போகலாம்?

புதுக்கேமரா | நவம்பர் 9, இரவு 10:40

எல்லோருக்கும் வணக்கம். ஏப்ரலில் வேலைக்காக டோக்கியோ வந்தேன். நிஷிகசாயில் வீடு. போன மாதம் நகானோவில் ஒரு பழைய கேமராக் கடையில் செகண்ட் ஹேண்ட் கேமராவும் 24-70 லென்ஸும் வாங்கினேன். மிச்சம் பிடித்ததெல்லாம் அத்தோடு போயிற்று. இனி படமெடுக்கப் போகிற இடத்துக்கும் டிக்கெட் என்றால், கேமராவை விற்றுத்தான் வாங்க வேண்டும்.

ஸ்கைட்ரீ, ஷிபுயா ஸ்கை மாதிரி உயரப் பார்வைத் தளமெல்லாம் ஆளுக்கு 2000 யென்னுக்கு மேல். போகிற நாளில் மேகம் மூடினால் அதுவும் தண்டம். உயரத்திலிருந்து நகரம், முடிந்தால் ஃபுஜி மலை, இரவு விளக்குகள், ரயில்கள், இவற்றை இலவசமாக எடுக்க எங்கே போகலாம்? இணையத்தில் பார்த்த பட்டியல்களில் பாதி, 'காப்பி வாங்கினால் ஜன்னலோரம் உட்காரலாம்' என்கிற வகை இலவசம்.

இன்னொன்று. போன வாரம் ஒரு அலுவலகக் கட்டட முற்றத்தில் ட்ரைபாட் விரித்தேன். இரண்டு நிமிடம்கூட ஆகியிருக்காது. காவலாளி வந்து, இரண்டு கைகளையும் பெருக்கல் குறி போலக் காட்டி, சிரித்த முகத்தோடே அனுப்பிவிட்டார். எங்கே விரிக்கலாம், எங்கே கூடாது?


கடைசிரயில் | நவம்பர் 10, காலை 7:15

வாங்க தம்பி. பன்னிரண்டு வருடமாக இதே வேலையாகத் திரிகிறேன், அதனால் கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன்.

முதலில் எப்படித் தேடுவது. 'இலவச சுற்றுலா இடம்' என்று தேடினால் சுற்றுலாக்காரர்கள் நிற்கும் இடம்தான் வரும். இந்த ஊரில் நல்ல இலவச உயரம் பெரும்பாலும் அரசு அலுவலகத்தின் தலையில் இருக்கிறது. வார்டு அலுவலகம், வார்டு நடத்தும் பண்பாட்டு மண்டபம், இப்படி. வரிப்பணத்தில் கட்டியது என்பதால் மேல்மாடியை மக்களுக்குத் திறந்து விட்டிருப்பார்கள். வரைபடத்தில் 'தெம்போ ரொபீ' என்று ஜப்பானிய எழுத்தில் போட்டுத் தேடுங்கள். பார்வைக் கூடம் என்று பொருள். பக்கத்தில் 'முர்யோ' என்று இருந்தால் இலவசம்.

எல்லோரும் சொல்வது ஷின்ஜுகுவில் உள்ள பெருநகர அரசுக் கட்டடம். கென்சோ தாங்கே வடிவமைத்த இரட்டைக் கோபுரம், உயரம் 243 மீட்டர். 45வது மாடியில், 202 மீட்டரில் பார்வைக் கூடம். பை சோதனை உண்டு, டிக்கெட் கிடையாது. ஆனால் எனக்கு அது இரண்டாம் பட்சம்தான். உள்ளே விளக்கு வெளிச்சம் அதிகம், இருட்டிய பிறகு கண்ணாடியில் உங்கள் முகம்தான் விழும். தெற்குக் கூடத்தில் ஓவியர் யாயோய் குசாமாவின் வடிவமைப்பில் மஞ்சள் நிறத்தில் கரும்புள்ளி போட்ட பியானோ ஒன்று இருக்கிறது. யார் வேண்டுமானாலும் வாசிக்கலாம். படம் வராவிட்டாலும் பாட்டு கேட்டுவிட்டு வரலாம்.

நான் உங்களை அனுப்புவது புன்க்யோ வார்டு அலுவலகத்துக்கு. கொராகுவென் ஸ்டேஷன் பக்கத்தில், 25வது மாடி. உயரம் ஷின்ஜுகுவில் பாதிதான். ஆனால் அங்கிருந்து மேற்கே பார்த்தால் ஷின்ஜுகுவின் கோபுரங்கள் கூட்டமாக நிற்கும், குளிர்கால நாளில் அவற்றுக்குப் பின்னால் ஃபுஜி. ஷின்ஜுகுவுக்குள் நின்றுகொண்டு ஷின்ஜுகுவை எடுக்க முடியாதல்லவா? அங்கே ஜன்னல் கண்ணாடி சாய்வாகப் பதித்திருப்பதால் பிரதிபலிப்பும் குறைவு. தூரத்துக் கோபுரங்களை நெருக்கிக் காட்ட உங்கள் 24-70 லென்ஸ் அங்கே 70இல்தான் நிற்கும். 200 வரை போகிற லென்ஸ் யாரிடமாவது கடன் கிடைத்தால் இன்னும் நல்லது.

ட்ரைபாட்: இந்தக் கூடங்கள் எதிலும் விரிக்க நினைக்காதீர்கள். 'சன்க்யாகு கின்ஷி' என்ற பலகை இருந்தால் முக்காலித் தடை. பலகை இல்லாவிட்டாலும் தடைதான் என்று வைத்துக்கொள்ளுங்கள்.


தண்டவாளம் | நவம்பர் 10, காலை 8:02

ரயில் என்று எழுதியிருக்கிறாரே, அதை யாரும் கண்டுகொள்ளவில்லையே என்று ஓடி வந்தேன்.

நிப்போரி ஸ்டேஷன் வடக்கு வாசலில் இறங்கியதும் ஷிமோகோயிந்தென் பாலம். கீழே 14 தண்டவாளங்கள். பாலத்தின் நடுவில் ரயில் பார்ப்பதற்கென்றே ஒரு மாடம் கட்டி வைத்திருக்கிறார்கள். ஒரு நாளைக்குச் சுமார் 2500 ரயில், 20 வகை. யாமனோத்தே, கெய்ஹின் தோஹோக்கு, ஜோபன், நரிதா போகும் கெய்செய், எல்லாவற்றுக்கும் மேல் வடக்கே போகும் ஷின்கான்சென் அதிவேக ரயில். உயெனோவில் ஷின்கான்சென் நிலத்தடியில் நிற்கிறது, அங்கிருந்து மேலே ஏறி வெளிச்சத்துக்கு வருவது இந்தப் பக்கத்தில்தான். பச்சை ஹயாபுசா ரயிலும் சிவப்புக் கொமாச்சி ரயிலும் மூக்கோடு மூக்கு ஒட்டிக்கொண்டு வரும். அதைப் பார்த்துவிட்டு வீட்டுக்குப் போகவே மனம் வராது.

இன்னொன்று ஒச்சனோமிசு, ஹிஜிரிபாஷி பாலம். 1927இல் கட்டியது. கீழே கந்தா ஆறு. மருனோஉச்சி சுரங்க ரயில் ஒரு நொடி குகையிலிருந்து வெளியே வந்து ஆற்றைக் கடந்து மறுபடி குகைக்குள் போகும். அதற்கு மேலே ஆரஞ்சுப் பட்டை சுவோ, மஞ்சள் பட்டை சோபு. மூன்றும் ஒரே நேரத்தில் சட்டகத்துக்குள் வர வேண்டும், அதுதான் அங்கே விளையாட்டு. எனக்கு முதல் தடவை ஒரு மணி நேரம் பத்து நிமிடம் ஆனது. அந்த ஒரு நொடியில் முன்னால் ஒருவர் குடை விரித்தார்.

ப்ளாட்ஃபாரத்தில் ஃப்ளாஷ் வேண்டவே வேண்டாம், ஓட்டுநருக்குக் கண் கூசும். மஞ்சள் கோட்டுக்கு இந்தப் பக்கம் நில்லுங்கள். 'தொரிதெத்சு' என்றால் ரயில் படம் எடுப்பவர்கள், அந்தப் பெயரை ஏற்கெனவே சிலர் ஏணியோடு வந்து கத்திக் கத்திக் கெடுத்து வைத்திருக்கிறார்கள். நாம் வேறு சேர வேண்டாம்.


அரைக்கண் | நவம்பர் 10, பகல் 12:31

எல்லாம் சரி. ஆனால் இப்படி 'இங்கே நில், அங்கே பார்' என்று இடம் சொல்லிச் சொல்லியே ஊரில் எல்லோரிடமும் ஒரே படம் இருக்கிறது. புன்க்யோவில் ஷின்ஜுகு, நிப்போரியில் ஹயாபுசா. என்னிடமும் இருக்கிறது, உங்களிடமும் இருக்கிறது. எதற்கு இன்னொன்று?

காசில்லாமல் எடுக்க டோக்கியோவில் ஒரே ஒரு விதிதான்: மழை வந்ததும் கிளம்புங்கள். டோக்கியோ ஸ்டேஷனின் மருனோஉச்சி வாசலுக்கு முன்னால் அகலமான கல் பாவிய வெளி இருக்கிறது. மழை நின்ற பத்து நிமிடத்தில் அங்கே தேங்கும் அரை அங்குலத் தண்ணீர் போதும், செங்கல் கட்டடம் முழுக்க அதில் தலைகீழாகக் கிடக்கும். கேமராவைத் தரையோடு வைத்து எடுங்கள். முழங்கால் நனையும், அவ்வளவுதான் செலவு.


சுமிதாக்கரை | நவம்பர் 10, இரவு 9:10

அரைக்கண் அண்ணா, நீங்கள் சொன்னதும் ஓர் இடம்தானே! தம்பி அம்மாவுக்கு அனுப்பப் படம் கேட்கிறாரோ என்னவோ, முதல் வருடம் எல்லோரும் எடுக்கும் படத்தை எடுக்கட்டும். நாமும் அப்படித்தான் ஆரம்பித்தோம்.

புதுக்கேமரா, என் பங்குக்குப் பாலங்கள். 1923 நிலநடுக்கத்துக்குப் பிறகு சுமிதா ஆற்றில் வரிசையாகப் புதிதாகப் பாலம் போட்டார்கள். எய்தாய்பாஷி 1926, வளைவுப் பாலம். கியோசுபாஷி 1928, தொங்கு பாலம். இரண்டுக்கும் நடுவே ஆற்றோர நடைபாதை இருக்கிறது, மெதுவாக நடந்தாலே இருபது நிமிடம். சூரியன் மறைவதற்கு அரை மணி முன்னால் கியோசுபாஷியில் தொடங்குங்கள். எய்தாய்பாஷி வந்து சேரும்போது வானம் நீலமாகி விளக்கு போட்டிருப்பார்கள். தெற்கே ஆறு பிரியும் இடத்தில் உயர்ந்த அடுக்குமாடிகளின் வெளிச்சம் தண்ணீரில் நீள நீளமாக விழும். ஆற்றங்கரைக் கைப்பிடிச் சுவரே உங்களுக்கு ட்ரைபாட். மேலே ஒரு துண்டை மடித்து வைத்து, அதன்மேல் கேமரா, இரண்டு விநாடி டைமர். பாலத்தின் மேல் வைத்து முயற்சி செய்யாதீர்கள், லாரி போகும்போதெல்லாம் பாலமே நடுங்கும்.

இதே தொல்லை ரெயின்போ பாலத்திலும் உண்டு. அதில் நடந்து போக இலவசம் என்று பலருக்குத் தெரியாது. 1993இல் திறந்தது. வடக்கு நடைபாதையில் போனால் துறைமுகம், டோக்கியோ டவர். தெற்கில் போனால் ஒடாய்பா. குளிர்காலத்தில் மாலை 6 மணிக்கு மூடிவிடுவார்கள், அரை மணி முன்னாலேயே நுழைவு நின்றுவிடும். டிசம்பரில் நாலரைக்கே இருட்டத் தொடங்குவதால் நேரம் போதும். மூன்றாவது திங்கள் விடுமுறை, பலத்த காற்றடித்தாலும் மூடல். ஒரு தடவை அத்தனை தூரம் போய்ப் பூட்டிய கதவைப் படமெடுத்து வந்தேன்.


புதுக்கேமரா | நவம்பர் 11, காலை 6:50

அக்கா, அம்மாவைப் பற்றி நான் எழுதவே இல்லை, எப்படிக் கண்டுபிடித்தீர்கள்! 'உன் மூஞ்சி வேண்டாம், ஊரைக் காட்டு' என்று தினமும் வாட்ஸாப்பில் கேட்கிறார்.

சனிக்கிழமை ஷின்ஜுகுவும் புன்க்யோவும் போகிறேன். ஷின்ஜுகு கியோயென் தோட்டமும் அங்கேயே இருக்கிறதே, அதுவும் இலவசம்தானே?


விதிமுறை | நவம்பர் 11, காலை 9:25

இல்லை, ஷின்ஜுகு கியோயெனுக்குப் பெரியவர்களுக்கு 500 யென். தோட்டம் வேண்டுமென்றால் அரண்மனையின் கிழக்குத் தோட்டம் இலவசம், திங்களும் வெள்ளியும் மூடியிருக்கும். மெய்ஜி கோயில் காடும் இலவசம், சூரிய உதயத்தில் திறந்து அஸ்தமனத்தில் மூடுவார்கள். அங்கே கல்யாண ஊர்வலம் வந்தால் ஒதுங்கி நின்று எடுங்கள். மணப்பெண்ணின் முன்னால் பின்னோக்கி நடந்துகொண்டே எடுத்த ஒருவரைப் பார்த்தேன், நமக்கே வெட்கமாக இருந்தது.

சட்டம் கேட்டீர்கள், எனக்குத் தெரிந்த அளவில் சொல்கிறேன். பொது இடத்தில் நின்று கட்டடத்தின் வெளிப்புறத்தை எடுப்பதில் சிக்கல் இல்லை, ஜப்பானின் பதிப்புரிமைச் சட்டம் 46வது பிரிவிலேயே அதற்கு இடம் இருக்கிறது. மனிதர்கள் விஷயம் வேறு. 'ஷோசோகென்' என்று ஒன்று, தன் முகத்தின் மேல் ஒருவருக்குள்ள உரிமை. தனிச் சட்டமாக எழுதியதில்லை, நீதிமன்றத் தீர்ப்புகளால் வந்தது. கூட்டத்தில் ஒருவராக வருவதற்கும், ஒருவரை மட்டும் நெருங்கி எடுத்து இணையத்தில் போடுவதற்கும் வித்தியாசம் உண்டு. 'எடுக்காதே' என்று சைகை காட்டினால் அழித்துவிட்டு மன்னிப்புக் கேளுங்கள், வாதாட வேண்டாம்.

ட்ரைபாட்டுக்கு வருவோம். உங்களை அனுப்பிய காவலாளி செய்தது சரிதான். டோக்கியோவில் கட்டடங்களைச் சுற்றியுள்ள முற்றம் பார்ப்பதற்குத் தெரு போலவே இருக்கும், ஆனால் தனியார் நிலம். தரையில் கல்லின் நிறம் மாறும் கோடுதான் பெரும்பாலும் எல்லை. தெருவிலும் ஆட்கள் போக இடைஞ்சலாகக் கருவிகளைப் பரப்பினால் காவல்துறை கேட்கும். தொழில்முறைப் படப்பிடிப்புக்குச் சாலைப் போக்குவரத்துச் சட்டம் 77இன்படி முன் அனுமதி வேண்டும். ஷின்ஜுகு கோல்டன் காய் சந்துகளில் படமெடுக்காதீர்கள் என்ற பலகையைப் பார்த்தால் கேமராவைப் பைக்குள் வைத்துவிடுங்கள். ட்ரோன் பேச்சே வேண்டாம். 100 கிராமுக்கு மேலென்றால் பதிவு கட்டாயம், இந்த நெரிசலான ஊருக்கு மேல் பறக்கவிடத் தனி அனுமதி.


புதுக்கேமரா | நவம்பர் 16, இரவு 11:48

போய்விட்டு வந்தேன். நடந்ததை அப்படியே எழுதுகிறேன்.

ஷின்ஜுகு: பகல் 2 மணிக்கு மேலே ஏறினேன். வெயில் சுள்ளென்று அடித்தது. ஆனால் மேற்கே வெள்ளைத் துணி விரித்த மாதிரி மேகம். ஃபுஜி இருக்கும் திசையை ஒரு தாத்தா சுட்டிக் காட்டினார், நானும் அந்த மேகத்தை எடுத்துக்கொண்டேன். பியானோவில் ஒரு சிறுமி ஒரே பாட்டை நான்கு தடவை வாசித்தாள்.

புன்க்யோ: மாலை 4 மணி. ஜன்னலோரம் ஏற்கெனவே ஆறேழு பேர், எல்லோரும் ஐம்பது தாண்டியவர்கள், ஒருவரும் பேசவில்லை. ஃபுஜி வரவில்லை. ஆனால் கோபுரங்களுக்குப் பின்னால் வானம் செம்பருத்தி நிறத்தில் போனது. கை நடுங்கி முக்கால்வாசிப் படம் ஆடிவிட்டது. கண்ணாடியில் என் வெள்ளைச் சட்டை தெரிகிறது. அம்மாவுக்கு ஒன்றை அனுப்பினேன். 'இது எந்த மின்சார ஆபீஸ்?' என்று பதில் வந்தது.


கடைசிரயில் | நவம்பர் 17, காலை 7:20

அம்மா பதில் அருமை.

சட்டையை முன்கூட்டியே சொல்லாதது என் தவறு. கருப்புச் சட்டை போட்டுப் போங்கள். லென்ஸின் வாயைக் கண்ணாடியில் ஒட்ட வையுங்கள், சுற்றி ஒரு கருப்புத் துணியைப் பிடித்துக்கொள்ளுங்கள். ரப்பர் ஹூட் என்று விற்கிறார்கள், என்னிடம் இருப்பது பழைய கம்பளித் தொப்பி, உச்சியில் ஓட்டை போட்டது. கேமராவின் ஒளி உணர்வு அளவான ஐஎஸ்ஓவை 1600, 3200 என்று தாராளமாக ஏற்றுங்கள். ஆடிய படத்தைவிடப் புள்ளி விழுந்த படம் மேல். மூச்சை விட்டுவிட்டு, தொடர்ச்சியாக மூன்று நான்கு எடுங்கள். பெரும்பாலும் நடுவில் உள்ளது கூர்மையாக இருக்கும், பட்டனை அழுத்தும்போதும் விடும்போதும்தான் கை ஆடுகிறது.

ஃபுஜிக்கு நவம்பர் நடு கொஞ்சம் சீக்கிரம். டிசம்பர் கடைசியிலிருந்து பிப்ரவரி வரை, காலை வேளை, முந்தைய நாள் நல்ல காற்றடித்திருந்தால் சொல்லவே வேண்டாம். மலை இங்கிருந்து சுமார் 100 கிலோமீட்டர். நடுவில் உள்ள ஈரமும் தூசியும் கழுவிப் போனால்தான் தெரியும். பகல் ஏற ஏற மங்கும்.


சுமிதாக்கரை | நவம்பர் 17, பகல் 1:05

நிஷிகசாயில் இருந்துகொண்டு எதற்கு ஷின்ஜுகு வரை ஓடுகிறீர்கள்? ரயில் காசும் காசுதானே. நானும் ஆறு வருடம் அங்கே இருந்தவள். நம் ஆட்கள் பாதிப் பேர் அந்த வார்டில்தான் இருக்கிறார்கள், ஆனால் ஒருவரும் ஃபுனபோரி கோபுரத்துக்குப் போனதில்லை! எதோகாவா வார்டு கட்டியது, 115 மீட்டர் உயரம், பார்வைக் கூடம் இலவசம். கிளம்பும் முன் வார்டின் இணையப் பக்கத்தில் ஒருமுறை பார்த்துவிடுங்கள், பராமரிப்பு என்று திடீரென்று மூடுவார்கள். இது எல்லா இலவசக் கூடத்துக்கும் பொருந்தும்.

அப்புறம், வீட்டிலிருந்து மேற்கே நடந்தால் அராகாவா ஆற்றங்கரை. தொசாய் ரயில் ஆற்றைக் கடக்கும் நீளப் பாலம், சாயங்கால வெயில் பெட்டிகளின் ஜன்னல் வழியாகப் பாய்ந்து வரும். வடக்கே திரும்பினால் ஸ்கைட்ரீ. அங்கே இடம் தாராளம், யாருக்கும் வழி மறிக்காமல் ட்ரைபாட் விரிக்கலாம், காவலாளி யாரும் வரமாட்டார். சைக்கிள் ஓட்டுபவர்கள் வேகமாக வருவார்கள், பாதையை விட்டு இறங்கி நில்லுங்கள்.

சைக்கிள் இருந்தால் கசாய் ரிங்காய் பூங்கா. அங்கிருந்து கடலுக்கு அந்தப் பக்கம் டோக்கியோ கேட் பாலம் தெரியும், வானம் தெளிந்தால் ஃபுஜியும்.


தண்டவாளம் | நவம்பர் 17, பகல் 1:40

அந்தப் பாலத்தைப் பற்றி ஒரு வார்த்தை. இரண்டு டைனோசர்கள் எதிரெதிரே நிற்பதுபோல் இருக்கும். 2012இல் திறந்தது. ஏன் அந்த வடிவம் என்றால், கீழே பெரிய கப்பல் போக வேண்டும், அதனால் பாலத்தைத் தாழ்த்த முடியாது. மேலே ஹனேதா விமான நிலையத்தில் இறங்கும் விமானங்கள், அதனால் உயரமான கோபுரம் நட்டுத் தொங்கவிடவும் முடியாது. இரண்டுக்கும் நடுவில் மாட்டிக்கொண்ட பொறியாளர்கள் எஃகுச் சட்டங்களைக் கோத்து முடித்தார்கள்.

ஹனேதா என்றதும் நினைவு வருகிறது. அங்கே முனையங்களின் கூரையில் உள்ள விமானம் பார்க்கும் தளங்களும் இலவசம்.


அரைக்கண் | நவம்பர் 18, இரவு 8:15

சரி, நானும் ஓர் இடம் சொல்லிவிடுகிறேன், கோபித்துக்கொள்ளாதீர்கள். ஷிபுயா சாலைச் சந்திப்பை மேலிருந்து எடுக்க எல்லோரும் காப்பிக் கடையில் வரிசை நிற்கிறார்கள். ஸ்டேஷனிலிருந்து மார்க் சிட்டி வணிக வளாகத்துக்குப் போகும் இணைப்புப் பாதையில் பெரிய கண்ணாடி ஜன்னல் இருக்கிறது, அங்கிருந்தே சந்திப்பு தெரியும். ஆனால் அங்கே போனால் கொஞ்சம் திரும்பி நில்லுங்கள். எதிர்ச் சுவரில் தாரோ ஒகமோதோவின் 'நாளைய புராணம்', 30 மீட்டர் நீள ஓவியம். அணுகுண்டு வெடிக்கும் கணம். மெக்சிகோவில் ஒரு ஹோட்டலுக்காக வரைந்தது, காணாமல் போய் 2003இல் கிடைத்தது, 2008இல் இங்கே மாட்டினார்கள். எரியும் எலும்புக்கூட்டுக்குக் கீழே தினமும் அத்தனை ஆயிரம் பேர் போனைப் பார்த்துக்கொண்டே ரயிலுக்கு ஓடுகிறார்கள். எனக்கு ஷிபுயாவில் படம் அதுதான். ஜன்னல் பக்கம் நிற்பவர்கள் ஒருவரும் அதை எடுப்பதில்லை.


புதுக்கேமரா | ஜனவரி 10, இரவு 9:30

இழையை மறக்கவில்லை. டிசம்பரில் வேலை நெருக்கடி. ஃபுனபோரி, நிப்போரி, சுமிதா நடை, மார்க் சிட்டி எல்லாம் முடிந்தது. ஹிஜிரிபாஷியில் இரண்டு ரயில்தான் மாட்டியது, மூன்றாவது இன்னும் பாக்கி. சுமிதாவில் அக்கா சொன்னபடி துண்டு மடித்து வைத்து எடுத்த எய்தாய்பாஷி படம் அம்மாவின் போனில் முகப்புப் படமாகிவிட்டது. 'இந்த ஆத்துல தண்ணி இருக்கே' என்றார்.

அராகாவா கரையில் ட்ரைபாட் விரித்திருந்தபோது நடை போன ஒரு தாத்தா நின்று, என் திரையைப் பார்த்துவிட்டு, மேற்கே கையை நீட்டி ஏதோ சொன்னார். 'ஆஷிதா' மட்டும் புரிந்தது. நாளை. இன்று முழுக்க வடமேற்குக் காற்று பேயாக அடித்தது, கடைசிரயில் அண்ணன் சொன்ன மாதிரியே. காலை 6 மணிக்குக் கசாய் ரிங்காய் போகிறேன். உதயம் 6:50. யாராவது வருகிறீர்களா?


கடைசிரயில் | ஜனவரி 10, இரவு 9:52

வருகிறேன். 200 லென்ஸ் கொண்டுவருகிறேன். கையுறை போட்டு வாருங்கள்.


சுமிதாக்கரை | ஜனவரி 10, இரவு 10:03

நானும். தெர்மோசில் காப்பி என் பொறுப்பு. அரைக்கண் அண்ணா?


அரைக்கண் | ஜனவரி 10, இரவு 10:41

எல்லோரும் எடுக்கும் படம்தானே. எந்த வாசலில் நிற்பீர்கள்?